சிரட்டைக்குள் சிவப்புக் கோடு

அவர் யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசியதாக எனக்கு நினைவில்லை. எதிரில் நிற்பவரின் கழுத்துக்குக் கீழே கண்ணை நிறுத்தி, இடது கையில் பைக் கடிகாரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உதடு அசையாமல் எண்ணுவார். நிமிடம் முடிந்ததும் ஓர் எண்ணைச் சொல்வார். "உமக்குப் பதினெட்டு. பரவாயில்லை." அதுதான் அவருடைய வணக்கம், அதுதான் நலம் விசாரிப்பு. தூங்கும் நாய்க்கும் எண்ணுவார். லாரியில் ஏற்ற நிற்கும் மாட்டுக்கும் எண்ணுவார். எண்ணியது மூச்சை.

இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்கு மேலே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் வந்தது 1953ஆம் ஆண்டின் கடைசியில். அரிசி விலைக்காக நாடெங்கும் கடையடைப்பு நடந்த ஆண்டு என்பதால் அதில் எனக்குக் குழப்பம் இல்லை. நான் அப்போது தோட்டத்து ஆபீசில் சின்னக் கிளாக்கர். நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உண்டு. மழை அளவு, வந்த கடிதம், போன கடிதம், பிறப்பு, இறப்பு. அவர் யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்து ஆஸ்பத்திரி என்று சொல்லப்பட்ட, எட்டுக் கட்டில் போட்ட தகரக் கூரைக் கட்டடத்துக்கு மருந்து கொடுப்பவராக வந்தார். சனங்கள் 'டாக்டரய்யா' என்றார்கள். அவர் முதல் இரண்டு மாதம், "நான் டாக்டர் இல்லை, டிஸ்பென்சர்" என்று திருத்திப் பார்த்துவிட்டு, பிறகு விட்டுவிட்டார். பெயரை நான் எழுதப் போவதில்லை. தன் பெயரைக் காகிதத்தில் பார்ப்பது அவருக்குப் பிடிக்காத காரியம்.

வந்த புதிதில் இந்த எண்ணும் பழக்கம் அவரைப் பெரிய வம்பில் மாட்டியது. கொழுந்து பறிக்கும் பெண்கள் பெரிய கங்காணியிடம் போய் முறையிட்டார்கள். பெரிய கங்காணி கோட்டும் தலைப்பாகையுமாக ஆஸ்பத்திரிப் படியேறி வந்தார். மருந்துச் சீட்டு ஒன்றில் கையெழுத்து வாங்க நானும் அங்கே இருந்தேன்.

"ஐயா கோவிச்சுக்கக் கூடாதுங்க. பொம்பளைங்க ஒரு மாதிரியாப் பேசிக்கிறாங்க. ஐயா மூஞ்சியப் பாத்துப் பேச மாட்டேங்கிறாராம்."

டிஸ்பென்சர் எண்ணி முடித்தார். கடிகாரத்தை மூடினார். "கங்காணி, உமக்கு இருபத்தாறு. படியேறினதுக்கு நாலைக் கழிச்சாலும் கூட. சுருட்டைக் குறையும்."

பெரிய கங்காணி வாயைத் திறந்து மூடினார். முறையீடு அத்தோடு போயிற்று. ஆனால் அன்றைக்குப் பிறகு டிஸ்பென்சர் பெண்களின் தோளை மட்டும் பார்த்து எண்ணப் பழகிக்கொண்டார். "தோள் பொய் சொல்லாது" என்று என்னிடம் சொன்னார். தன்னை நியாயப்படுத்துவதற்காக அவர் சொன்ன ஒரே வாக்கியம் அது.

எதற்காக இப்படி எண்ணினார் என்பது எனக்கு விளங்கியது 1955இல். ஜூன் மாதம் முழுச் சூரிய கிரகணம் பிடித்ததே, அதற்கு அடுத்த வாரம். தொழிலாளர் குடியிருந்த கீழ் லயத்தில் ஒன்றரை வயதுப் பெண் குழந்தைக்கு நெஞ்சுச் சளி கட்டிவிட்டது. அவரிடம் இருந்த மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மூச்சு வேகம் ஏறிக்கொண்டே போனது. நுவரெலியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதைத் தவிர வழி இல்லை. கொழுந்து லாரியில் குழந்தையைத் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். தாய் நடுவில். நான் பின்னால், சாக்குகளின் மேல். மழை. வளைவுக்கு வளைவு டிரைவர் ஹார்ன் அடித்துக்கொண்டு பறந்தான். நானுஓயாவுக்கு இன்னும் நாலு மைல் இருக்கையில் அவர் குரல் கேட்டது.

"தம்பி, இனி மெள்ளப் போனாப் போதும்."

டிரைவர் உடனே வேகத்தைக் குறைத்தான். தாய்க்குத்தான் விளங்கச் சற்று நேரம் ஆனது.

திரும்பி வந்த மறுநாள் அவர் ஆபீசுக்கு வந்து என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார். "கிளாக்கர், ஒரு கடிதம் டைப் அடிக்க வேணும்." தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரர், பெரிய துரைக்கு எழுதிய கடிதம். ஒக்ஸிஜன் சிலிண்டர் இரண்டு வேண்டும்; ஆஸ்பத்திரியின் கடைசி அறையைக் குழந்தைகளுக்கென்று ஒதுக்க வேண்டும். மூச்சு முட்டும் பிள்ளைக்குக் காற்று இங்கேயே கிடைத்தால், மருந்து வேலை செய்ய நேரம் கிடைக்கும். "மருந்து பிழையில்லை, கிளாக்கர். மருந்துக்கு ஒரு நாள் வேணும். அந்த ஒரு நாளைத்தான் எங்களாலை பிள்ளைக்குக் குடுக்க முடியேல்லை."

பெரிய துரை கெட்ட மனிதர் அல்ல. ஆனால் ஆஸ்பத்திரி நுவரெலியாவில் இருக்கிறது, லாரி தோட்டத்தில் இருக்கிறது என்பது அவருடைய பதில். அடுத்த கடிதத்துக்கும் அதுவே. பதினான்கு கடிதம் நான் டைப் அடித்தேன். ஒவ்வொன்றிலும் அவர் காரணங்களைச் சேர்த்துக்கொண்டே போனார். பதினைந்தாவது கடிதத்தில் காரணம் எதுவும் இல்லை, வேண்டுகோளும் இல்லை. ஐந்து குழந்தைகளின் பெயர்கள்; ஒவ்வொரு பெயருக்கும் எதிரில் ரோட்டோரத்து மைல்கல் ஒன்றின் எண். அந்தந்தக் குழந்தையின் மூச்சு நின்ற இடம். பெரிய துரை அந்தக் காகிதத்தை வெகுநேரம் பார்த்தார். அவர் வாரத்துக்கு இரண்டு முறை காரில் போகிற ரோடு அது. மூலையில் பச்சை மையால் தன் முதலெழுத்துகளைப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

சிலிண்டர் வந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அங்கேதான் தொடங்கியது.

காற்றைக் குழந்தையின் முகத்தைச் சுற்றித் தேக்கி வைக்க ஒரு கூடாரம் வேண்டும். கொழும்பில் கேட்டால் கப்பலில் வர வேண்டும் என்றார்கள். அவர் பாக்டரிக்குப் போய்ப் புதுத் தேயிலைப் பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். உள்ளே ஒட்டியிருந்த ஈயத் தாளை உரித்தார். ஒரு பக்கத்தை எடுத்துவிட்டு, மேல் பலகையை அறுத்து, துரை பங்களாவில் பூச்செடி வளர்க்கும் கண்ணாடி வீட்டில் உடைந்த கண்ணாடித் துண்டைப் பொருத்தினார். குழந்தையின் தலை மட்டும் பெட்டிக்குள். ரப்பர்க் குழாய் வழியே காற்று. பெட்டியின் பக்கத்தில் கறுப்பு மையால் அச்சடித்த, தேயிலை ரகத்தைக் குறிக்கும் 'பி.ஓ.பி.' என்ற எழுத்து அப்படியே இருந்தது.

எந்தத் தாயும் இணங்கவில்லை. "பிள்ளையப் பொட்டியில வைக்கவா பெத்தேன்?" என்றாள் ஒருத்தி. அதில் மறுத்துச் சொல்ல எதுவும் இல்லை. அவர் கோட்டைக் கழற்றி, ஆஸ்பத்திரித் தரையில் மல்லாக்கப் படுத்து, தன் தலையைப் பெட்டிக்குள் விட்டுக்கொண்டார். கால் இரண்டும் வாசலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளிருந்து அவர் குரல், குடத்துக்குள் பேசுவதைப்போல வந்தது.

"வந்து பாருங்கோ. நான் உயிரோடைதான் இருக்கிறன். உங்கடை முகம் எல்லாம் தெரியுது."

ஆஸ்பத்திரி ஆயா ராக்கம்மா கண்ணாடி வழியே குனிந்து பார்த்தாள். "அடியே, சீக்கிரம் ஆணி அடிங்கடி, ஐயாவக் கொழும்புக்கு ஏத்தி விட்டுறலாம்!" சிரிப்பு கூரையில் மோதியது. அந்தச் சிரிப்போடு பெட்டிக்கு இருந்த பயமும் கொஞ்சம் கழன்றது. முதலில் அதற்குள் தலை வைத்துப் பிழைத்தது பாக்டரி இஞ்சின் டிரைவர் மாரிமுத்துவின் மகள். தோட்டம் முழுவதும் அவளை 'பி.ஓ.பி.' என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிக்கூடப் பதிவில் அவள் பெயர் வேறு. எனக்கு அதை இப்போது நாட்குறிப்பைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

அடுத்த சிக்கல் ஆட்கள். பெட்டிக்குள் இருக்கும் பிள்ளையை ஒரு நிமிடம்கூடத் தனியே விட முடியாது. மூச்சு வேகம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவர் ஒருவர், தோட்டத்தின் மூன்று டிவிசனுக்கும் அவர்தான். ராக்கம்மாவுக்கோ, முறை வைத்து வந்து உட்கார்ந்த லயத்துப் பெண்களுக்கோ கடிகாரம் பார்க்கத் தெரியாது, அறுபதுக்கு மேல் எண்ணவும் வராது. இதை ஒரு குறையாக அவர் சொல்லி நான் கேட்டதில்லை. பங்களாவின் சமையல்காரரிடம் பேசி, முட்டை அவிக்கும்போது கவிழ்த்து வைக்கும் மணல் கண்ணாடியை வாங்கி வந்தார். அந்த வாரம் துரைக்கு முட்டை கல்லுப்போல வந்ததாகக் கேள்வி. பிறகு புளியங்கொட்டை ஒரு சுண்டு அளவு. இரண்டு தேங்காய்ச் சிரட்டை.

மணல் கொட்டத் தொடங்கியதும், பிள்ளையின் ஒவ்வொரு மூச்சுக்கும் ஒரு கொட்டையை இந்தச் சிரட்டையிலிருந்து எடுத்து அந்தச் சிரட்டையில் போட வேண்டும். மணல் தீர்ந்ததும் நிறுத்த வேண்டும். இரண்டாவது சிரட்டைக்குள் புண்ணுக்குப் போடும் சிவப்பு மருந்தால் சுற்றிலும் ஒரு கோடு இழுத்திருந்தார். கொட்டை கோட்டுக்குக் கீழே நின்றால் பயமில்லை. கோட்டைத் தாண்டினால் மணி அடித்து அவரைக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான். கொழுந்து கிள்ளிய விரல்களுக்கு அது விளையாட்டு. பிள்ளையின் நெஞ்சிலிருந்து கண்ணை எடுக்காமலே கொட்டையை எடுத்துப் போடுவார்கள். அவர் பக்கத்தில் நின்று கடிகாரத்தை வைத்துத் தானும் எண்ணுவார். ஒருநாள் ராக்கம்மாவின் சிரட்டைக்கும் அவர் எண்ணிக்கைக்கும் இரண்டு வித்தியாசம் வந்தது. மறுபடி எண்ணினார்கள். பிழை அவருடையது. அன்று அவர் முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் வேறு எப்போதும் கண்டதில்லை.

"ஐயா தூங்கிட்டீங்க போல" என்றாள் ராக்கம்மா.

"ஓம், நான் இனித் தூங்கலாம்" என்றார் அவர்.

அவர் செய்த ஒரே பெரிய தவறு 1957இல் நடந்தது. அந்த மார்கழியில் வந்த பெருவெள்ளத்துக்கு முந்திய நவராத்திரி. அதைத் தவறு என்று அவர்தான் சொன்னார். நான் இன்றுவரை ஏற்கவில்லை.

ஆயுத பூசையன்று தோட்டத்தில் இரும்பு என்று பெயருள்ள எதுவும் பூசை இல்லாமல் தப்பாது. தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, பாக்டரி ரோதைச் சக்கரம், லாரி, என்னுடைய டைப்ரைட்டர்கூட. எல்லாவற்றையும் துடைத்து, எண்ணெய் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டுவார்கள். மாரிமுத்து பாக்டரி இஞ்சினை முடித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தான். தன் மகளுக்கு மூச்சு கொடுத்த இரும்பு அங்கேதான் நிற்கிறது. சிலிண்டரைச் சாம்பல் போட்டுத் துலக்கினான். திருகு இறுகியிருந்ததைப் பார்த்து, இஞ்சினுக்கு வைத்திருந்த நல்ல எண்ணெயை நாலு சொட்டு விட்டு, கழுத்துவரை பூசினான். பட்டை போட்டுப் பொட்டு வைத்தான். அவர் அப்போது மேல் டிவிசனில் ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தார்.

மூன்று மணிக்கு அவர் திரும்பி வரும்போதே, செல்லம்மா என்ற பெண் தன் இரண்டு வயது மகனைத் தோளில் போட்டுக்கொண்டு பின்னால் ஓடி வந்தாள். பையனின் விலா எலும்புகளுக்கு நடுவே தோல் குழிந்து குழிந்து மீண்டது. பூசைக்கு வந்த கூட்டம் அறைக்குள் இருந்தது. பொரி கடலை வாங்கப் போன நானும் இருந்தேன். ராக்கம்மா மணலைக் கவிழ்த்துக் கொட்டையைப் போடத் தொடங்கினாள். மணல் பாதி இருக்கும்போதே சிவப்புக் கோடு மறைந்துவிட்டது. அவர் பையனைப் பெட்டிக்குள் படுக்க வைத்துவிட்டு சிலிண்டரின் திருகில் கை வைத்தார். வைத்த கையை எடுத்து மூக்கருகே கொண்டுபோனார்.

"ஆர் இதுக்கு எண்ணெய் போட்டது?"

"நான்தாங்கய்யா" என்றான் மாரிமுத்து, பாராட்டை எதிர்பார்க்கும் முகத்தோடு. "இறுகிக் கெடந்துச்சுங்க. இப்பப் பாருங்க, பூ மாதிரி திரும்பும்."

"அந்தச் சூடத் தட்டை வெளியிலை கொண்டு போங்கோ. விளக்கையும். எல்லாரும் வெளியிலை." குரல் உயரவே இல்லை. சூடம் போன பிறகுதான் சொன்னார். "மாரிமுத்து, இந்தக் காத்தும் எண்ணெயும் சேர்ந்தா நெருப்புக் குச்சி தேவையில்லை. திருகினதும் இந்த அறை இருக்காது."

மாரிமுத்து தன் இரண்டு கைகளையும் பார்த்தான். "தொடைச்சிரட்டுங்களா?"

"திருகுக்குள்ளை போனதைத் துடைக்க ஏலாது."

கொழும்பில் நிரப்பி வந்த இரண்டாவது சிலிண்டர் நானுஓயா ஸ்டேசன் கிடங்கில் இரண்டு நாளாகக் கிடந்தது. பூசை என்பதால் லாரி போகவில்லை. லாரியை அனுப்பிவிட்டு, ஸ்டேசனுக்குப் போன் போட நான் ஆபீசுக்கு ஓடினேன். திரும்பி வந்தபோது செல்லம்மா அவர் காலடியில் உட்கார்ந்திருந்தாள்.

"லாரி போகுதே சாமி. எம்புள்ளைய அதுலயே ஏத்தி விட்டிருக்கலாமே சாமி."

"பிள்ளை இந்த றோட்டைத் தாங்காது தங்கச்சி. இங்கை வைச்சிருப்பம்."

"இங்க என்னா இருக்கு? அதுதான் வெடிக்கும்னுட்டீங்களே!"

அவர் பையனின் கையைப் பிடித்தார். ஊசி போட்டார். பையனைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தன் நெஞ்சோடு நிமிர்த்தி உட்காரவைத்தார். தொண்டையில் சளி அடைக்கும் ஒவ்வொரு முறையும் மெல்லிய ரப்பர்க் குழாயைப் பையன் வாயில் விட்டு, மறுமுனையைத் தன் வாயில் வைத்து உறிஞ்சி, பாத்திரத்தில் துப்பினார். ராக்கம்மா கொட்டை போட்டாள். கோடு மறைந்தது. மறுபடி போட்டாள். மறைந்தது. சிரட்டை நிரம்பத் தொடங்கியதும் மூன்றாவது சிரட்டை கொண்டு வந்தார்கள். ஒருமுறை அவள் கை கொட்டையோடு காற்றில் நின்றது, மூச்சு வரவில்லை. அவர் பையனின் முதுகில் தட்டினார். வந்தது. கொட்டை விழுந்தது. அந்தச் சத்தம் எனக்கு இப்போதும் கேட்கிறது.

மாரிமுத்து மழையில் நனைந்துகொண்டு வாசலில் நின்றான். உள்ளே வரச் சொன்னாலும் வரவில்லை. "என்னைய நாலு அறை அறைங்கய்யா" என்று ஒருமுறை சொன்னான்.

"எனக்கு ரெண்டு கையும் வேலையா இருக்கு" என்றார் அவர். பாத்திரத்தில் ஒருமுறை துப்பிவிட்டு, "மாரிமுத்து, சவுக்காரம் போட்டுக் கையைக் கழுவிப் போட்டு வாரும்."

அவன் கழுவிவிட்டு வந்து கையை நீட்டினான். அவர் குனிந்து முகர்ந்தார். "இன்னும் மணக்குது." அவன் சாம்பல் போட்டுத் தேய்த்துவிட்டு வந்தான். "நகத்துக்குள்ளை." இருபது வருஷத்து இஞ்சின் எண்ணெய். மூன்றாவது முறை செங்கல் தூளால் தேய்த்து, விரல் நுனிகளில் இரத்தம் கசிய வந்தான். அவர் முகர்ந்துவிட்டுத் தலையசைத்தார்.

லாரி வந்தபோது மணி ஐந்தரை என்று எழுதி வைத்திருக்கிறேன். சிலிண்டரை நாலு பேர் தூக்கி வந்து நிறுத்தினார்கள். பையனின் உதடு நாவற்பழ நிறமாகியிருந்தது. அவர் அவனைப் பெட்டிக்குள் வைத்து, தலையைப் பிடித்துக்கொண்டார்.

"மாரிமுத்து, திறவும்."

"நானுங்களா?"

"நீர்தான். என்ரை கை இப்ப விட ஏலாது."

இறுகியிருந்த திருகு. மாரிமுத்துவின் கழுத்து நரம்பு புடைத்தது. எண்ணெய் படாத இரும்பு கிறீச்சிட்டது. பிறகு சீறல் சத்தம். ராக்கம்மா மணலைக் கவிழ்த்தாள். கோடு மறைந்தது. மறுபடி மறைந்தது. எத்தனையாவது முறை என்று நான் எழுதவில்லை, எண்ணத் தோன்றவில்லை. மணல் தீர்ந்து, அவள் சிரட்டையைத் தூக்கிச் செல்லம்மாவிடம் சாய்த்துக் காட்டினாள். கொட்டைகளுக்கு மேலே, விரல் அகலத்தில், சிவப்பாக ஒரு கோடு தெரிந்தது.

மறுநாள் அவர் சொல்லச் சொல்ல நான் டைப் அடித்த அறிக்கை ஆறு வரி. எண்ணெய் போட்டவர் பெயர் அதில் இல்லை. 'திறக்கக் கற்றுக் கொடுத்தேன், எண்ணக் கற்றுக் கொடுத்தேன், எண்ணெய் ஆகாது என்று கற்றுக் கொடுக்கவில்லை. பொறுப்பு என்னுடையது' என்பது அதன் சாரம். பெரிய துரைக்குக் கோபம் வந்தது. அந்த அறைக்குப் பூட்டுப் போட வேண்டும், சாவி டிஸ்பென்சரிடம் மட்டும் இருக்க வேண்டும், லயத்து ஆட்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. இல்லையென்றால் சிலிண்டர்கள் கொழும்புக்குத் திரும்பிப் போகும் என்று உத்தரவு வந்தது. புதுப் பூட்டு ஒன்றும் கூடவே வந்தது.

"நான் மேல் டிவிசனுக்குப் போனா திறப்பும் என்னோடை வரும்" என்றார் அவர் என்னிடம், பூட்டின் சாவியைக் காட்டி. "பிள்ளை இங்கை இருக்கும்." பூட்டை மேசை இழுப்பறையில் போட்டார். லயத்துப் பெண்கள், லாரி டிரைவர், ராக்கம்மா எல்லோரையும் கூப்பிட்டுச் சிலிண்டரின் முன் நிறுத்தினார். எண்ணெயைப் பற்றி அவர் சொல்லவில்லை. மாரிமுத்துவைச் சொல்ல வைத்தார். அவன் சொன்ன விதத்தில் இரண்டு பெண்கள் அழுதுவிட்டார்கள். பாக்டரி வேலை இல்லாத நேரமெல்லாம் அந்த வாசலில் நிற்பது அன்றிலிருந்து அவன் தானாக எடுத்துக்கொண்ட வேலை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பூட்டுப் போட்டாயிற்றா என்று பார்க்கப் பெரிய துரை தானே வந்தார். சிலிண்டர்களைத் திருப்பி அனுப்பும் கடிதம் என் பையில் தயாராக இருந்தது, கொண்டுவரச் சொல்லியிருந்தார். கதவு அகலத் திறந்திருந்தது. உள்ளே கக்குவான் இருமலோடு ஒரு குழந்தை பெட்டிக்குள். டிஸ்பென்சர் அதன் பக்கத்தில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார், திரும்பவில்லை. துரை நிலைப்படியில் கால் வைத்தார். மாரிமுத்து குறுக்கே நின்றான்.

"தொரைங்க கோவிச்சுக்கக் கூடாதுங்க. கையக் காட்டுங்க."

"என்னாத்துக்கு?" என்றார் துரை, தன் தோட்டத்துத் தமிழில்.

"உள்ள போற யாரா இருந்தாலும் காட்டணுங்க."

துரை என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அவர் மெதுவாக வலது கையை நீட்டினார். மாரிமுத்து குனிந்து, அந்தக் கையைத் தொடாமல் முகர்ந்தான். மறுபடியும் முகர்ந்தான்.

"துப்பாக்கி எண்ணெய்ங்க" என்றான். "காலையில தொடைச்சிருக்கீங்க. நகத்துக்குள்ள இருக்கு."

துரையின் முகம் சிவந்தது. உள்ளே மணல் கொட்டிக்கொண்டிருந்தது. ராக்கம்மாவின் கொட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. டிஸ்பென்சர் அப்போதும் திரும்பவில்லை.

"சோப்பு எங்கே?" என்றார் துரை.

"குழாயடியிலங்க. சோப்பு மட்டும் பத்தாதுங்க தொரை, பக்கத்துல சாம்பலும் இருக்கு."

துரை தொப்பியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, சட்டைக் கையை மடக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனார். பூட்டைப் பற்றி அவர் அதற்குப் பிறகு கேட்கவில்லை.